துறுகல்லும் களிறும்: சங்கப் பாடல்களில் தேய்ந்த பாறையும் பொழுதும்

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் பாடல்களில் வரும் மலைநிலம் பெரும்பாலும் பின்புலமாகவோ குறியீடாகவோ வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அந்நிலத்தின் அடிப்படைப் பொருளாகிய பாறை தனிக்கவனம் பெறவில்லை. குறுந்தொகையில் துறுகல் இடம்பெறும் நான்கு பாடல்களையும் (13, 36, 47, 279), பறம்பு மலை பற்றிய புறநானூற்றுப் பாடல்கள் சிலவற்றையும் (105, 109, 114, 118) இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. துறுகல் என்பது வெறுங்கல் அன்று. வெயிலும் நீரும் தேய்த்து உருட்டிய, மேற்பரப்பில் பருவத்தின் சுவடுகளை ஏற்றுக் காட்டும் பாறை. நிலம், பொழுது என்னும் இரு முதற்பொருள்களும் ஒரே பொருளில் சந்திக்கும் இடமாகப் புலவர்கள் அதனைக் கையாண்டுள்ளனர் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மதுரைக்கு அருகிலுள்ள யானைமலையின் பெயர் வரலாறு இக்கருதுகோளுக்குப் புறச்சான்றாக அமைகிறது.

குறிச்சொற்கள்: துறுகல், குறிஞ்சி, முதற்பொருள், உள்ளுறை, பறம்பு, யானைமலை, குறுந்தொகை, கபிலர்

முன்னுரை

சங்க இலக்கியத்தின் நிலக்காட்சி பற்றிய ஆய்வுகளுக்குத் தமிழில் நீண்ட மரபு உண்டு. தனிநாயக அடிகள் இயற்கையைப் பழந்தமிழ்க் கவிதையின் உயிர்நாடியாகக் கொண்டு விரிவாக எழுதினார். ஏ. கே. இராமானுசன் 1967இல் வெளியிட்ட குறுந்தொகை மொழிபெயர்ப்பின் தலைப்பே நிலத்தை அகத்தின் உருவாக நிறுத்தியது. அகப்பாடலில் வரும் மலை மனத்தின் மலை என்னும் இப்பார்வை பல பாடல்களின் நுட்பத்தைத் திறந்து காட்டியது உண்மை. ஆயினும் அதனை எந்திரத்தனமாகப் பின்பற்றிய வாசிப்புகளில் ஓர் இழப்பும் நேர்ந்தது. மலை எதைக் குறிக்கிறது என்னும் வினா முன்னே வந்து நிற்க, மலையில் புலவன் எதைக் கண்டான் என்னும் வினா பின்னுக்குத் தள்ளப்பட்டது. விலங்குக்கும் மரத்துக்கும் கிடைத்த கவனம் பாறைக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு இலக்கணக் காரணமும் ஒன்று உண்டு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்கிறது. நம்பியகப்பொருள் கருப்பொருளைப் பதினான்காக விரித்தபோதும் அப்பட்டியலில் கல்லுக்குப் பெயர் சொல்லி இடம் தரவில்லை. பாறை நிலத்தின் பகுதி என்று கொண்டால் அது முதற்பொருளுள் அடங்கிக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தனிப்பொருள் என்று கொண்டால் கருப்பொருள் பட்டியலில் அதற்கு வெளிப்படையான இருக்கை இல்லை. உள்ளுறை கருப்பொருளை நிலைக்களனாகக் கொண்டு பிறப்பது என்பதால், உள்ளுறை தேடுவோர் யானையையும் வேங்கையையும் கொடியையும் எடுத்துக்கொண்டு பாறையை விட்டுவிடுகின்றனர். பாறை இவ்வாறு இரு வகைமைக்கும் இடையில் விழுந்துபோன பொருளாக இருப்பதே அதன் தனித்தன்மை என்பதை நான்கு குறும்பாடல்களின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. மலைச்சொற்களும் பாறைச்சொற்களும்

சங்கப் புலவர்களிடம் மலையின் மேனியைப் பகுத்துச் சொல்லும் சொற்கள் நிரம்ப இருந்தன. சிமையமும் கோடும் உச்சியைச் சுட்டுவன. சாரல், கவாஅன், அடுக்கம் ஆகியவை சரிவுகளுக்கும் பக்கங்களுக்கும் உரியவை. விடர், அளை, முழை என்பன வெடிப்பையும் குகையையும் வேறுபடுத்துவன. அறை என்பது தரையோடு பரந்து கிடக்கும் பாறை. பொறை என்பது மேடாக எழுந்து நிற்பது. சுனை என்பது பாறைக்கண் நீர் தங்கும் இடம். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கும் ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. எனினும் பிற்கால உரைநடை விளக்கங்களில் இவற்றுட் பல ‘மலை’, ‘கல்’, ‘பாறை’ என்னும் மூன்று சொற்களுக்குள் சுருங்கிவிட்டன.

துறுகல் என்னும் சொல்லும் அவ்வாறே. துறு என்னும் அடி நெருக்கத்தையும் திரட்சியையும் குறிப்பது. எனவே துறுகல் என்பது திரண்டு உருண்ட கல். இத்தகைய கல் எவ்வாறு உருவாகிறது என்பது இங்குப் பயன்படும் செய்தி. தென் தமிழகத்துக் குன்றுகள் பெரும்பாலும் நாம் கருங்கல் என்று பொதுவாக வழங்கும் கிரானைட்டு, நைசு, சார்னோகைட்டு ஆகிய பாறைகளால் ஆனவை. இப்பாறைகளில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இணைப்புப் பிளவுகளின் வழியே நீர் இறங்குகிறது. நீர் பட்ட இடத்தில் பாறையிலுள்ள பெல்ஸ்பார் என்னும் கனிமம் மெல்லமெல்லக் களிமண்ணாக மாறுகிறது. மூன்று பக்கங்களிலிருந்தும் தாக்கப்படும் மூலைகள் முதலில் கரைகின்றன, அடுத்து விளிம்புகள், முகங்கள் கடைசியில். இதனால் சதுரமாகப் பிளந்த பாறை காலப்போக்கில் உருண்டையாகிறது. சூழ்ந்திருந்த மண்ணை மழை அடித்துச் சென்றபின், வெறும் பாறைத்தளத்தின் மேல் யாரோ உருட்டி வைத்ததுபோல் அக்கல் தனித்து நிற்கும். குவார்ட்சு எளிதில் கரையாது ஆதலின் அதன் மணிகள் மேற்பரப்பில் துருத்தி நிற்க, கல் சொரசொரப்பாகிறது. கபிலர் துறுகல்லுக்கு இடும் ‘பிணர்’ என்னும் அடை இச்சொரசொரப்பைத்தான் சுட்டுகிறது. இது மலையை எட்ட நின்று பார்த்தவன் சொல் அன்று. கல்லைக் கையால் தொட்டவன் சொல்.

2. கழுவிய யானையும் கழுவாத யானையும்

குறுந்தொகை 13 கபிலர் பாடியது. தலைவி தோழியிடம் கூறுகிறாள். பெருமழையில் உழன்ற, கரிய சொரசொரப்பான துறுகல், அழுக்குப் போகக் கழுவிய யானையைப் போல் தோன்றுகிறது. பசிய ஓரிடத்தில் அக்கல் தங்கிக் கிடக்கும் நாட்டை உடையவன் நமக்கு நோயைத் தந்துவிட்டான். நம் குவளைக் கண்ணில் பசலை நிறைந்துவிட்டது என்பது பாட்டின் பொருள்.

குறுந்தொகை 279 மதுரை மருதன் இளநாகனார் பாடியது. எருமையின் கழுத்து மணி அசையுந்தோறும் ஒலிக்கும் தனிமை மிக்க நள்ளிரவு. இப்பொழுதும் அவர் வரமாட்டாரோ என்று தலைவி வினவுகிறாள். அவன் கடந்துபோன குன்றுகளில், மழை கழுவ மறந்த கரும்பெருந் துறுகல், புழுதி சூழ்ந்த யானையைப் போலத் தோன்றுகிறது. அக்குன்றுகளைக் கடந்து சென்று, இவளுடைய தோளை நினைக்காதவர் ஆகிவிட்டார் அவர்.

இவ்விரு பாடல்களையும் தனித்தனியே வாசிப்போருக்கு இவை துறுகல்லை யானைக்கு உவமித்த இரு எடுத்துக்காட்டுகள் மட்டுமே. சேர்த்து வாசித்தால் இவை ஒரே கல்லின் இரு பருவங்கள் என்பது புலனாகும். மழைக்குப் பின் கருங்கல் தன் உண்மையான கருநிறத்துக்குத் திரும்புகிறது. நீர் வடிந்த சுவடு பளபளக்கிறது. மழை பெய்யாத நாள்களில் அதே கல்லின் மேல் புழுதி படிந்து சாம்பல்நிறம் ஏறுகிறது. யானையும் அவ்வாறே: நீராடியெழும்போது கருமை, பின்னர்த் தானே மண்ணை வாரி மேலே இறைத்துக்கொள்ளும்போது புழுதி நிறம். ஆகவே உவமையின் பொதுத்தன்மை வடிவத்தில் மட்டும் இல்லை. நிறம் மாறும் தோலில் இருக்கிறது. வடிவம் மாறாது, தோல் மாறும். பருவம் அத்தோலில்தான் எழுதப்படுகிறது.

இம்மாற்றம் அகப்பொருளோடு எவ்வாறு பின்னப்பட்டுள்ளது என்பதே திறனாய்வின் மைய வினா. பதின்மூன்றாம் பாட்டில் கல் மழையால் ‘உழந்தது’. துன்புறுதலைக் குறிக்கும் அச்சொல் உயிருள்ள பொருளுக்கு உரியது. தலைவியும் உழந்தவள். ஆனால் முடிவு இருவர்க்கும் ஒன்றன்று. உழந்த கல் தூய்மை பெற்றது. உழந்த தலைவி பசலை பெற்றாள். கல் கிடக்கும் இடத்துக்குக் கபிலர் இடும் ‘பைதல்’ என்னும் சொல் பசுமையையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும். பசலை என்னும் சொல்லின் அடியும் அப்பசுமையே. மழைக்குப் பின் கல்லைச் சூழ்ந்து படரும் பசுமை நாட்டின் வளத்தைக் காட்ட, அதே நிறச்சொல்லின் கிளை தலைவியின் கண்ணில் நோயாக நிரம்புகிறது. தங்குதலைக் குறிக்கும் வினையைத் துறுகல்லோடு கூட்டினாலும் நாடனோடு கூட்டினாலும் இவ்வுறவு குலைவதில்லை. அவன் நாட்டில் மழை ஒன்றைக் கழுவித் தருகிறது; அவன் வரவு இங்கே ஒன்றை மங்கச் செய்கிறது. இம்முரண் பாறையை விட்டுவிட்டு யானையை மட்டும் எடுத்துக்கொள்ளும் வாசிப்பில் கிடைக்காது.

இருநூற்று எழுபத்தொன்பதாம் பாட்டில் இப்பிணைப்பு இன்னும் இறுக்கமானது. மழை கல்லைக் கழுவவில்லை என்று இளநாகனார் சொல்லியிருக்கலாம். மழை கழுவ ‘மறந்தது’ என்றார். பாட்டின் இறுதிச் சொல், நினைக்காதவர் என்னும் பொருளில் தலைவனைச் சுட்டுகிறது. மறந்த மழையும் நினையாத தலைவனும் ஒரே வாக்கியத்தின் இரு முனைகளில் நிற்கின்றனர். மழையால் மறக்கப்பட்ட கல் வழியில் நிற்கிறது. தலைவனால் மறக்கப்பட்ட தோள் வீட்டில் இருக்கிறது. அவன் அந்தக் கல்லைக் கடந்துதான் போனான், கடந்தபோது அதில் தன் செயலின் உருவைக் கண்டிருக்க வேண்டும், காணவில்லை. தலைவி தான் காணாத குன்றைக் கற்பனையில் கண்டு, அவன் காணத் தவறியதைக் கண்டுவிடுகிறாள். இதைச் சொல்ல அவளுக்கு வேறு எந்தக் கருப்பொருளும் இப்பாட்டில் உதவவில்லை. எருமை மணி இரவின் தனிமையைத் தந்தது, அவ்வளவே. மறதியின் முழுச்சுமையையும் தாங்குவது புழுதி படிந்த ஒரு கல்.

3. பூ உதிர்ந்த கல்

குறுந்தொகை 47இல் தோழி வெண்ணிலவை நோக்கிப் பேசுகிறாள். கரிய அடிமரத்தையுடைய வேங்கையின் பூக்கள் உதிர்ந்த துறுகல், பெரிய புலியின் குட்டியைப் போலத் தோன்றும் காட்டில், இரவில் வருவோருடைய களவுக்கு நீ நல்லதாக இல்லை என்கிறாள். பாடியவர் பெயர் கிடைக்காமையால் நெடுவெண்ணிலவினார் என்று பாட்டின் தொடரே பெயராயிற்று.

இங்கு உவமை யானையன்று, புலிக்குட்டி. அளவு குறைந்துள்ளது, ஆதலின் கல்லும் சிறிது. கரிய உருண்டைக் கல்லின் மேல் மஞ்சட்பூக்கள் சிதறிக் கிடந்தால்தான் வரிப்புலியின் சாயல் வரும். வழித்துச் செதுக்கிய பாறையில் பூ நில்லாது; பிணர் உள்ள கல்லில்தான் உதிர்ந்த பூ ஒட்டி நிற்கும். பாறையின் சொரசொரப்பு இங்குச் சொல்லப்படவில்லை. ஆனால் காட்சி அதனை முன்கொண்டே நிகழ்கிறது.

நிலவின் செயல் இப்பாட்டில் இரண்டு. ஒன்று, மறைந்து வருகின்றவனை ஊரார்க்குக் காட்டிக் கொடுத்தல். மற்றொன்று, தீங்கில்லாத கல்லைத் தீங்குள்ள விலங்காகக் காட்டுதல். முழு இருளில் கல் கல்லாகவும் தெரியாது, புலியாகவும் தெரியாது. அரை வெளிச்சத்தில்தான் அது மயக்கும். நிலவு உண்மையை வெளிப்படுத்துவதும் பொய்யைத் தோற்றுவிப்பதும் ஒருங்கே செய்கிறது. களவொழுக்கத்தின் நிலையும் இதுவே: ஓர் உண்மை அஞ்சத்தக்கதாகிறது, இல்லாத ஒன்று அச்சம் தருகிறது. குட்டி என்றமையால் அருகில் தாய்ப்புலி உண்டென்னும் எண்ணமும் கேட்போன் உள்ளத்தில் எழும். மேலும் வேங்கை மலரும் காலம் மணத்துக்குரிய காலம் என்பது குறிஞ்சி மரபு. தோழி நிலவிடம் கூறுவது போலத் தலைவன் கேட்கக் கூறுவது வரைவை வற்புறுத்தவே. மணத்துக்கான பருவம் வந்துவிட்டது என்னும் செய்தியைப் பூவாக ஏந்தி நிற்பது மரம் மட்டுமன்று. அதனடியில் கிடக்கும் கல்லும்தான். மரத்திலுள்ள பூ பருவம் வந்ததைச் சொல்கிறது. கல்லில் உதிர்ந்த பூ பருவம் கழிந்துகொண்டிருப்பதைச் சொல்கிறது. வரைவு கடாதலுக்கு இரண்டாவதே வலிமையான சான்று.

இதுவரை கண்ட மூன்று பாடல்களிலும் துறுகல்லின் மேல் ஒன்று நிகழ்ந்துள்ளது: நீர், புழுதி, பூ. மூன்றும் பருவத்தின் குறிகள். பொழுது என்னும் முதற்பொருள் நிலம் என்னும் முதற்பொருளின் மேல் கண்ணுக்குத் தெரியும்படி படியும் இடம் துறுகல் என்னும் கருதுகோள் இதனால் வலுப்பெறுகிறது.

4. எழுந்து போகும் பாறை

குறுந்தொகை 36 பரணர் பாடியது. இதில் உவமை வெளிப்பட இல்லை, உவமையே நிகழ்ச்சியாகிவிட்டது. துறுகல்லின் அருகில் வளர்ந்த மாணைக்கொடி, உறங்கும் களிற்றின் மேல் ஏறிப் படர்கிறது. அத்தகைய குன்றநாடன், உன்னை நீங்கேன் என்று என் நெஞ்சிடமாக உரைத்த கெடாத வஞ்சினம், தோழி, உனக்கு நோய் தருவதாயிற்றோ என்று தலைவி வினவுகிறாள். வரைவுக்குப் பொருள் தேடத் தலைவன் பிரிந்த காலத்தில், தலைவி ஆற்றாள் என்று கவலையுற்ற தோழிக்கு, நான் ஆற்றுவேன் என்பதுபடக் கூறியது இது.

கபிலரும் இளநாகனாரும் கல்லை யானையாகக் கண்டனர். பரணர் பாட்டில் கொடி யானையைக் கல்லாகக் கண்டது. உவமையின் திசை திரும்பியுள்ளது. திருப்பியது கண் அன்று, கொடி. கொடிக்குக் கண் இல்லை. அது தொட்டு அறிவது. கல்லின் பிணரும் களிற்றின் தோலும் தொடுவதற்கு ஒன்றுபோல் இருந்தால்தான் இம்மயக்கம் நிகழும். முதற்பகுதியில் கண்ட தொடுபுலன் சான்று இங்கு மீண்டும் துணை நிற்கிறது.

இக்காட்சியை நாட்டின் அச்சமின்மைக்குச் சான்றாகக் கொள்வது ஒரு முறை: களிற்றின் மேலும் கொடி படரும் அளவுக்கு அமைதியான நாடு அவனுடையது, அவன் சொல்லும் அத்தகையது. தலைவியின் வெளிப்படையான பேச்சு இவ்வாசிப்பை ஏற்கிறது. ஆனால் காட்சி பேச்சைவிட ஓரடி முன்னே செல்கிறது. துறுகல் நிற்கும், களிறு எழும். கொடி பற்றியிருப்பது அசையாப் பொருள் அன்று, உறங்கும் பொருள். உறக்கம் கலைந்தால் கொடியின் நிலை என்ன என்பதைப் பாட்டு சொல்லவில்லை. வஞ்சினம் கெடாதது என்று நா சொல்கிறது. கெடாதது பக்கத்தில் கிடக்க, எழுந்து போகக்கூடியதைக் கொடி பற்றியிருக்கிறது என்று காட்சி சொல்கிறது. ஆற்றுவேன் என்னும் கூற்றுக்குள் இருக்கும் ஆற்றாமை இவ்வாறு பாறைக்கும் யானைக்கும் உள்ள ஒரே ஒரு வேறுபாட்டின் மேல் நிற்கிறது. துறுகல்லை வெறும் இடக்குறிப்பாக விட்டுவிட்டால் இவ்வேறுபாடு மறைந்து, பாட்டு தன் பாதியை இழக்கும்.

5. பறம்பு: நிற்பதும் உடைவதும்

அகப்பாடல்களில் கண்ட இப்பார்வை புறப்பாடல்களிலும் தொழிற்படுகிறதா என்பதைக் கபிலரின் பறம்புப் பாடல்களைக் கொண்டு சோதிக்கலாம். பறம்பு இன்றைய சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலை என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.

புறநானூறு 105இல், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் பறம்பின் முகடுகளிலிருந்து அருவி இறங்கி உழுத கொள்ளுப் புலத்தில் வாய்க்காலாக ஓடும் என்கிறார் கபிலர். 109இல், முற்றுகையிட்ட மூவேந்தரை நோக்கி, உழவர் உழாமலே விளையும் மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்னும் நான்கையும் எண்ணிக் காட்டி, மலை வானத்தை ஒக்கும், அதன் சுனைகள் விண்மீன்களை ஒக்கும் என்கிறார். இவை மிகைக் கூற்றுகள் போலத் தோன்றினும் கருங்கல் மலையின் இயல்போடு ஒட்டியவை. பாறை முகட்டில் சிறுபள்ளம் ஒன்றில் நீர் தங்கினால், அந்நீரே அடியிலுள்ள கனிமங்களைத் தளர்த்திப் பள்ளத்தை அகலப்படுத்தும். பள்ளம் அகல அகல நீர் மிகுதியாகத் தங்கும். இவ்வாறு சுனை தன்னைத்தானே தோண்டிக்கொள்கிறது. பரந்த அறையின் மேல் சிதறிக் கிடக்கும் இத்தகைய சுனைகள் ஒளியை எதிரொளிக்கும்போது வானும் மீனும் என்னும் உவமை கண்ணால் கண்டதாகவே நிற்கிறது. பிளவுகளில் இறங்கிய நீர் மெல்லக் கசிவதால் மழை நின்ற பின்னும் ஊற்று வற்றுவதில்லை. முற்றுகைக்குள் பறம்பு தாக்குப்பிடித்ததன் நிலவியல் அடிப்படை இதுவே. கபிலர் பகைவரை அச்சுறுத்த மந்திரம் எதையும் சொல்லவில்லை. மலையின் நீர்க்கணக்கைச் சொன்னார்.

பாரி இறந்தபின் பாடப்பட்ட 118ஆம் பாட்டு இந்நீர்க்கணக்கின் மறுபக்கம். அறையும் பொறையும் தலைப்பில் பொருந்திய, எட்டாம் நாள் பிறைபோல் வளைந்த கரையையுடைய, தெளிந்த நீர்ச் சிறுகுளம் உடைகிறது. அது பாரியின் குளிர்ந்த பறம்பு நாட்டுக் குளம். பாட்டு இவ்வளவே. அழுகை இல்லை, பழிச்சொல் இல்லை.

இக்குளத்தின் அமைப்பைக் கூர்ந்து நோக்க வேண்டும். இயற்கையாக அமைந்த படுபாறையும் மேட்டுப்பாறையும் இதன் ஒரு பகுதி. அவற்றை இணைத்து மனிதர் எழுப்பிய வளைந்த மண்கரை மற்றொரு பகுதி. பாறை தந்த பாதிக்கு மனிதர் தம் பாதியைச் சேர்த்தபோது குளம் பிறந்தது. உடைவது எது? அறையும் பொறையும் உடையவில்லை, உடைவது கரை. ஆண்டுதோறும் மண் இட்டு, மதகு பார்த்து, காக்கும் ஒருவன் இருக்கும்வரை நிற்பது அது. 114ஆம் பாட்டில் பாரியின் மலை இங்கு நிற்போர்க்கும் தெரிகிறது, இன்னும் சிறிது தொலைவு சென்று நிற்போர்க்கும் தெரிகிறது என்று பாரி மகளிரோடு செல்லும் கபிலர் திரும்பிப் பார்த்துக் கூறுகிறார். பாறை அவ்வாறே நிற்கிறது. அதைக் குளமாக்கிய ஆட்சி இல்லை. பாறையின் நிலைபேறு இங்கு ஆறுதலாக வரவில்லை. மாறாதது மாறாமல் நிற்பதாலேயே போனது போனதென்று தெரிகிறது. கையறுநிலையின் துயரத்தை ஒரு நீர்நிலையின் கட்டுமான நுட்பத்தில் வைத்துச் சொன்னமை கபிலரின் தனித்திறன்.

பரணரின் கொடியும் கபிலரின் குளமும் இவ்வகையில் ஒரே சிந்தனையின் இரு வடிவங்கள். இரண்டிலும் பாறை நிற்கிறது. அதனை அடுத்து, அதனைப் போலவே நிலைக்கும் என்று நம்பப்பட்டது நிற்கவில்லை, அல்லது நிற்காமல் போகலாம்.

6. யானைமலை: பெயராகிய உவமை

மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடையை ஒட்டிக் கிடக்கும் யானைமலை, மரமற்ற ஒற்றைப் பாறை முகட்டோடு, படுத்திருக்கும் யானையின் வடிவில் தோன்றுவது. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அம்மலையை ‘இவகுன்றம்’ என்கிறது. ‘இவ’ என்பது யானையைக் குறிக்கும் ‘இபம்’ என்னும் வடசொல்லின் திரிபு என ஐராவதம் மகாதேவன் விளக்கினார். திருஞானசம்பந்தரின் தேவாரத்தில் அம்மலை ஆனைமலையாகவே சுட்டப்படுகிறது. பொ.ஆ. 770இல் பாண்டிய அமைச்சன் மாறன் காரி அங்கு நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எடுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு பதிவு செய்துள்ளது. சமணத் திருமேனிகளும் அதே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சமயங்கள் மாறின, பாறையை யானையாகக் காணும் கண் மாறவில்லை.

குறுந்தொகையின் உவமைக்கு இப்பெயர் தரும் சான்று முக்கியமானது. பாறையும் யானையும் ஒன்றுபோல் தோன்றுதல் புலவர் ஒருவரின் கற்பனையன்று. அந்நிலத்து மக்கள் மலைக்குப் பெயரிடும் அளவுக்குப் பொதுவாக இருந்த காட்சி. இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட நூலில் சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் வாய்பாடுகளால் ஆனவையாகக் காட்டினார். அவ்வாறாயின் துறுகல்–யானை என்பதும் ஒரு வாய்பாடே; அதில் கூர்நோக்கைத் தேடுவது மிகையன்றோ என்பது அத்தடை. யானைமலை என்னும் பெயர் இத்தடையின் முற்பாதியை ஏற்கச் செய்கிறது: இணை மரபினது. பிற்பாதியை ஏற்க இயலாது. மரபு தந்தது கல்லையும் யானையையும் மட்டுமே. கழுவிய யானை, கழுவாத யானை, உறங்கும் யானை என்னும் வேறுபாடுகளை மரபு தரவில்லை. அவ்வப்பாட்டின் அகச்சூழல் தந்தது. வாய்பாடு பொதுவானது, பொருள் பிறப்பது அதன் திரிபில். வாய்பாட்டுக் கொள்கை திரிபை விளக்கும்போதுதான் திறனாய்வுக்குப் பயன்படும்.

7. சொல்லும் சுட்டுப்பொருளும்

துறுகல்லுக்கு இன்றைய அகராதி தரும் விளக்கம் ஒரு சொல் அல்லது இரு சொல். அவ்விளக்கம் போதுமானதாக இருந்ததற்குக் காரணம், அகராதியைப் பார்ப்பவன் கதவைத் திறந்தால் அக்கல்லைக் காண முடிந்தமை. இந்நிலை மாறி வருகிறது. மதுரை மாவட்டத்துக் கிரானைட்டுக் குவாரிகளில் நடந்த முறைகேடுகளை ஆராயச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக அமர்த்தியது. யானைமலையையே சிற்ப நகராக மாற்றும் திட்டம் 2010இல் மக்கள் எதிர்ப்பால் நின்றது. 2022இல் மேலூரை அடுத்த அரிட்டாபட்டியும் அதனைச் சார்ந்த மீனாட்சிபுரமும் 193.215 ஹெக்டேர் பரப்பில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டன. அங்குத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் குடைவரைச் சிவன் கோயிலும் சுனைகளும் ஒருங்கே உள்ளன.

இவற்றை இங்குக் குறிப்பிடுவது சுற்றுச்சூழல் வாதத்தை இலக்கியக் கட்டுரையில் ஏற்றுவதற்காக அன்று. வினா உரைமரபைச் சார்ந்தது. குவாரியில் அறுத்தெடுத்த பாறைமுகம் வழுவழுப்பானது. அதில் பிணர் இல்லை, புழுதி நின்று யானையாகாது, பூ ஒட்டிப் புலியாகாது. அதனை மட்டுமே கண்டு வளரும் வாசகனுக்குப் பதின்மூன்றாம் பாட்டின் உவமை வடிவ ஒப்புமையாகச் சுருங்கிவிடும். யானையை விலங்குக் காட்சிச்சாலையிலேனும் காட்டலாம். மழையில் நனைந்த துறுகல்லை அவ்வாறு காட்ட இயலாது. எனவே கல்வெட்டோ சிற்பமோ உள்ள பாறைக்கு மட்டும் தொல்லியல் மதிப்பு உண்டு என்னும் வரையறை இலக்கிய ஆய்வுக்குப் போதாது. எதுவும் செதுக்கப்படாத கல்லும் ஒரு பனுவலின் உரைக்குறிப்பாக இருக்கக்கூடும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. துறுகல் என்பது கல் என்னும் பொதுச்சொல்லின் மாற்றன்று; தேய்வால் உருண்டு, சொரசொரப்பான மேற்பரப்போடு நிற்கும் பாறைக்குரிய சிறப்புச் சொல். குறுந்தொகையின் மூன்று பாடல்களில் அதன் மேற்பரப்பு நீரையும் புழுதியையும் பூவையும் ஏற்றுப் பருவத்தைக் காட்டுகிறது. அப்பருவக் குறி தலைவியின் பசலைக்கும், தலைவனின் மறதிக்கும், வரைவின் காலத்துக்கும் நேராகப் பொருந்துகிறது. பரணர் பாட்டிலும் கபிலரின் பறம்புப் பாடல்களிலும் பாறையின் அசையாமை, அசையும் பொருளின் நிலையாமையை அளக்கும் அளவுகோலாகிறது. மாறும் மேற்பரப்பும் மாறாத உடலும் என்னும் இவ்விரு பண்புகளும் சேர்ந்தே பாறையை நிலமும் பொழுதும் சந்திக்கும் பொருளாக்குகின்றன.

இதன் வழி உள்ளுறை பற்றிய கற்பித்தலிலும் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. கருப்பொருள் பட்டியலில் பெயர் உள்ளவற்றை மட்டும் தேடிப் பொருத்திக் காட்டும் முறை, பெயரில்லாப் பொருள்களின் பங்கை மறைத்துவிடுகிறது. அறை, பொறை, விடர், முழை, சுனை ஆகிய சொற்கள் வரும் பாடல்களை நற்றிணை, அகநானூறு, ஐங்குறுநூறு ஆகியவற்றிலிருந்து தொகுத்து, ஒவ்வொன்றின் மேற்பரப்பில் என்ன நிகழ்கிறது என்று வகைப்படுத்தினால், குறிஞ்சித் திணையின் பாறைச் சொற்களஞ்சியம் ஒன்றை உருவாக்க முடியும். அப்பணி களத்துக்குச் செல்லாமல் முற்றுப்பெறாது. மழைக்கு முன்னொரு முறையும் பின்னொரு முறையும் செல்ல வேண்டியிருக்கும்.